பச்சை மீன் சோறு

"ஏனுங்க தம்பி, கப்பல்ல பச்சை மீனைச் சோத்து மேல வெச்சுத் தருவாங்களாமே, சுஷின்னு... நீங்க தின்னிருக்கீங்களா?"

மாப்பிள்ளையின் அம்மா நல்லம்மாள் இப்படிக் கேட்டதும் சென்னிமலை கையில் இருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

அவன் தங்கை பொன்னாத்தாளைப் பெண் பார்க்க ராசிபுரத்திலிருந்து வாடகைக் காரில் வந்திருந்தார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டது. ஒப்பிட்டுப் போளியும் காப்பியும் ஆயிற்று. எழுந்து போகிற நேரத்தில்தான் இந்தக் கேள்வி.

"தி... தின்னிருக்கேனுங்க" என்றான் சென்னிமலை.

"அப்படியா! எங்க அண்ணனும் கப்பல்ல இருந்தவருதானுங்க. மூணு வருசம். வந்து நாலு வருசமாச்சு, இன்னும் அந்தச் சோத்துப் பேச்சுதான். இந்த ஊட்டுப் பையனும் கப்பல் சமையக்காரருன்னு தரகர் சொன்னதும், அண்ணனை வம்பாக் கூட்டியாந்துட்டேன்."

நல்லம்மாளுக்குப் பக்கத்து நாற்காலியில் வந்ததிலிருந்து வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார் அந்த அண்ணன் காளியண்ணன். ஐம்பது வயதிருக்கும். ஒப்பிட்டைத் தொடவில்லை. தோள் துண்டை முறுக்கிக்கொண்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவோரம் நின்ற அம்மா செல்லாயியின் முகத்தில் ரத்தமே இல்லை. மகன் ரெண்டு வருஷமாகக் கப்பலில் இருக்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தவள் அவள்தான். அவன் திரும்பி மூன்று மாதமாகிறது. கப்பல் பேச்சை யாராவது எடுத்தால் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிற மாதிரி எழுந்து போய்விடுவான். இன்றைக்கு எழுந்து போக முடியாது. பொன்னாத்தாளுக்கு வயது இருபத்தேழு. இதற்கு முன்னால் ரெண்டு இடம் வந்து தட்டிப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

"எப்படியிருக்கும் தம்பி? பச்சையாவா தின்பாங்க? கவுச்சி அடிக்காது?" நல்லம்மாள் விடுவதாக இல்லை.

சென்னிமலை நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

"சப்பான்காரங்க நெறைய ஏறுவாங்க. அவங்களுக்குன்னே செய்யறதுங்க. சோத்துல காடி ஊத்திக் கட்டை வெரலு நீளத்துக்குப் பிடிச்சு, மேல மீனை மெலுசா அறுத்து வெப்பாங்க. அடுப்புல காட்டறதே இல்லீங்க. அன்னிக்குப் புடிச்ச மீனுன்னா கவுச்சி இருக்காது."

"அண்ணா, சரியாச் சொல்றாருங்களா?"

காளியண்ணன் தலையை மட்டும் அசைத்தார். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. நான் உளறுவதைக் கேட்டு உள்ளுக்குள் கொதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டான் சென்னிமலை. மூன்று வருஷம் அதே சோற்றைத் தின்றவரிடம் எத்தனை நேரம் தாக்குப்பிடிக்க முடியும்?

"நீங்களும் ஏதாச்சும் கேளுங்கண்ணா! ரெண்டு கப்பல்காரங்களும் இப்படி ஊமையாட்டம் உக்காந்திருந்தா?"

காளியண்ணன் தொண்டையைக் கனைத்தார். "அதுக்குத் தொட்டுக்க... பச்சைக் கலர்ல ஒரு விழுது தருவாங்களே..."

வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் பொன்னாத்தாளின் வளையல் சத்தம் நின்றுபோனது. எழுந்து கும்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று கூட ஒரு கணம் தோன்றியது.

"ஆமாங்க" என்றான். "கொண்டைக்கடலை அளவுதான் தொடணும். கொஞ்சம் கூடிப்போச்சுன்னா, கடுகை அரைச்சு மூக்குல ஊதுனாட்டம் உச்சந்தலைக்கு ஏறும். ராசா ஊட்டுப் பிள்ளைக்கும் கண்ணுல தண்ணி வந்துருமுங்க."

காளியண்ணனின் கையிலிருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அவனை மேலும் கீழும் பார்த்தார். சட்டென்று எழுந்தார்.

"தம்பி, கொஞ்சம் வெளிய வாங்க. தனியாப் பேசணும்."

செல்லாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நல்லம்மாள், "என்னுங்கண்ணா, என்ன ஆச்சு?" என்று கேட்டபோது அவர் வாசல்படியைத் தாண்டியிருந்தார்.

களம் தாண்டி, மோட்டார் ரூமுக்குப் பின்னால் போகிறவரைக்கும் காளியண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே போனதும் அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"எது வேணும்னாலும் என்னைச் சொல்லுங்க. என் தங்கச்சி எந்தத் தப்பும் பண்ணலீங்க. இந்தக் கண்ணாலத்தை மட்டும்..."

காளியண்ணன் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"கண்ணாலத்துக்கு ஒரு கொறையும் வராது, நான் பாத்துக்கறேன். நெசமான கப்பல்காரர்கிட்ட வந்து மாட்டிக்கிட்டனேன்னு காலையிலருந்து நாந்தான் தம்பி பயந்து செத்துக்கிட்டிருந்தேன்."

சென்னிமலைக்கு ஒன்றும் புரியவில்லை. காளியண்ணன் வீட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஓட்டுன லாரியில ஒரு ஆளு அடிபட்டுப் போனதுல எனக்கு மூணு வருசம். ஊட்டுல இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஆமா, மெட்ராஸ் ஜெயில்ல களி உருண்டையைக் கையில வெச்சுக்கிட்டே ராசா ஊட்டுப் பிள்ளைக்கும் கண்ணுல தண்ணி வந்துரும்னு சொல்லி நமக்கெல்லாம் சுஷி தின்னக் கத்துக்குடுப்பாரே, கப்பல் சமையக்காரர் தூத்துக்குடி அந்தோணி... அவரு இன்னும் உள்ளதான் இருக்காருங்களா?"