கெளுத்தி கேட்ட கேள்வி

"இனிமே உங்க குளத்த நீங்களே ஆண்டுக்கங்க"ன்னு பெரிய ஏரி அதிகாரத்தத் தூக்கிக் குடுத்துச்சு. ஆமை தலைவராச்சு. மொத வேலையா கொக்கோட ஏதோ ஒப்பந்தம் போட்டுச்சு. அன்னையிலேர்ந்து மீன்குஞ்சுங்க காணாமப் போகுது. கெண்டைக்கு ஒம்போது இருந்துச்சு, இப்ப ரெண்டுதான்.

சபையில கேள்வி கேக்கணும்னா கரையோரம், முதுகு தெரியற தண்ணியில வந்து நிக்கணும். அங்க அதான் சட்டம். கெண்டை வந்து நின்னுச்சு.

"தலைவரே, அந்த ஒப்பந்தத்துல என்னதாங்க இருக்கு?"

"போன வாரம் கெளுத்தியும் இதத்தான் கேட்டாரு. பதில் ரெடி. ஆனா கேட்டவரு வரலேன்னா கேள்வி தள்ளுபடிம்மா."

"கொக்கு வயித்துல இருக்கறவரு எப்படிங்க வருவாரு?"

"கொக்கு வயிறு நம்ம எல்லையில இல்லையே தாயி. வெளிவிவகாரம். ஏரியத்தான் கேக்கணும்."

"கேட்டேங்க. அதான் உங்களுக்கு அதிகாரம் குடுத்தாச்சேங்கறாங்க."

"சரி, உன் கேள்வியவும் எழுதிக்கறேன். அடுத்த வாரம் இதே எடத்துல வந்து பதில வாங்கிக்க."

ஆமைக்குப் பின்னாடி கரையில நின்ன கொக்கு, தூக்கி வச்சிருந்த கால மெதுவா எறக்குச்சு. கெண்டை ரெண்டு குஞ்சையும் நெனச்சுப் பாத்துச்சு.

"எனக்குக் கேள்வியே இல்லீங்க"ன்னு ஆழத்துக்கு நழுவிருச்சு.

"அப்ப ஒப்பந்தத்த ஏகமனதா ஏத்துக்கிட்டதா எழுதிடறேன்"னுச்சு ஆமை.