முப்பதாம் பக்கத்துப் படகு

ஓமாரு நூலகத்தில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஹெஸ்டர் முதலில் முப்பதாம் பக்கத்தைத்தான் புரட்டுவாள். ஏற்கெனவே படித்ததை மறுபடி எடுத்துப்போகாமலிருக்க, ஊர்ப் பெரியவர்கள் ஆளுக்கொரு பென்சில் குறி போடும் பக்கம் அது. ஹெஸ்டர் தேடுவது குட்டிப் படகுக் குறியை. அதன் கீழே அபிப்பிராயமும் இருக்கும். துப்பறியும் நாவலில், 'கொலைகாரன் தேவலை, எழுதினவன் மோசம்'. தேனீ வளர்ப்பு நூலில், 'அழுதுவிட்டேன்'.

"இன்னைக்கும் படகா?" நூலகர் அரோஹா சிரித்தாள். "முகம் தெரியாத ஆள்மேல இவ்வளவு மயக்கமா! வியாழக்கிழமை வாங்க, ஆளையே காட்டுறேன்."

"அவர் வியாழன் வர்றதாலதான் நான் வெள்ளி வர்றேன்," என்றாள் ஹெஸ்டர், படகை விரலால் தடவியபடி. "இருபத்தாறு வருஷம் அவர்கூடக் குடும்பம் நடத்தினேன், அரோஹா. பிரியுற நாள் வரைக்கும் ஒரு புத்தகத்தைப் பத்திக்கூட என்கிட்ட வாய் திறந்ததில்ல."