இரும்பு அலமாரியில் இருந்த கணினி

பால் பண்ணைகளுக்காக எழுதிய மென்பொருளை வாங்க, மறுநாள் தலைநகர் சோஃபியாவிலிருந்து ஆள் வருகிறார். அதற்குள் க்ரூம் தன் கூட்டாளிகள் யாசென், ரலிட்சா இருவரையும் கழற்றிவிடப் பார்த்தார்.

“ஆபீஸ் சாவிய வச்சுட்டுக் கெளம்புங்க. இங்க எழுதினதெல்லாம் என் கம்ப்யூட்டர்லதான் சேரும். அது இரும்பு அலமாரில பத்திரமா இருக்கு.”

யாசென் காப்பியை உறிஞ்சினான். “எங்க ரெண்டு பேர்கிட்டயும் முழுசா இருக்கேண்ணே.”

“உங்களுது வெறும் நகல். என்னுதுதான் தாய்.”

“தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல,” என்றாள் ரலிட்சா. “நடுவுல பெரிய கம்ப்யூட்டர்னு ஒண்ணு கிடையாது. மூணும் நெட்டுல ஒண்ணையொண்ணு பாத்து, புதுசா எழுதினத வாங்கிக்கும். எல்லாமே முழுசுதான்.”

“அப்ப என்கிட்டயும் முழுசா இருக்கு. எனக்கு அது போதும். நாளைக்கு நான் வித்துக்கறேன்.”

“அலமாரிக்குள்ள நெட் வயர் போகுதாண்ணே?” என்றான் யாசென்.

“நான் என்ன முட்டாளா? எவனாவது திருடிருவான்னு கம்பெனி தொடங்கின வாரமே பிடுங்கிட்டேன்.”

ரலிட்சா கோட்டை மாட்டிக்கொண்டாள். யாசென் சாவியை மேசைமேல் வைத்தான்.

“வர்றவர்கிட்ட நீங்களே திறந்து காட்டுங்க. நாலு வருஷத்துக்கு முந்தி எழுதின ஒரே ஒரு வரி இருக்கும். ‘வணக்கம்’னு சொல்லும்.”