உள்ளறைச் சத்தம்

உள்ளறையிலிருந்து 'புஸ்... புஸ்...' என்று சத்தம் வந்ததும் தனசேகருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கதவோரம் ஆளுயர சிலிண்டர். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கதவிடுக்கு வழியாக உள்ளே போனது. யாரோ மூச்சுத் திணறிக்கொண்டு படுத்திருக்கிறார்கள் போல. நோயாளி இருக்கிற வீடென்றால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரிதான்.

தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிறவன் அவன். காலையிலிருந்து சித்தூர் டவுன் முழுக்கப் படியேறி இறங்கி, ஒன்றும் நடக்காமல் குடிபாலா வரை வந்துவிட்டான். இன்றைக்குள் ஒரு மெஷினாவது போகாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். காட்பாடியில் பெண் வீட்டார் 'கம்பெனி வேலை' என்று நம்பித்தான் தட்டு மாற்றியிருக்கிறார்கள். வேலை போனால் கல்யாணமும் போய்விடும், பாவம்.

"யாருக்கும்மா ஒடம்பு முடியல?" என்று குரலைத் தாழ்த்தினான்.

"முடியாம இன்னா? எங்க வூட்டுக்காரரு உள்ள..." என்று ஆரம்பித்தாள் வீட்டுக்காரி ரத்னம்மா.

"சொல்லாதீங்கம்மா, எனக்குப் புரியுது" என்று கையமர்த்தினான். கஸ்டமரைப் பேச விட்டால் காரியம் கெட்டுவிடும் என்பது டிரெயினிங்கில் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். மற்றதெல்லாம் மறந்தாலும் அதை மட்டும் தனசேகர் மறந்ததில்லை.

வெந்நீர் போடுகிற பாத்திரத்தைக் கேட்டு வாங்கினான். அடியில் வெள்ளை வெள்ளையாகத் தடித்துப் படிந்திருந்தது.

"இது இன்னா தெரியுமா? கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புப் பாறைம்மா! எல்லாம் உங்க போர் தண்ணியில இருந்து வந்தது. பாத்திரத்துலயே இப்டின்னா, கிட்னியில இன்னா பண்ணும்?"

பையிலிருந்து எலுமிச்சை மூடியை எடுத்து அதன்மேல் பிழிந்தான். படிவு நுரைத்துப் பொங்கியது. ரத்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா, கேஸு! கார்பன் டை ஆக்சைடு. மனுசன் வேணாம்னு வெளிய வுடுற மூச்சும்மா இது. இத்தைப் போயி குடிச்சிக்கினு கீறீங்களே!"

"அந்த கேஸா?" ரத்னம்மா திடுக்கிட்டு சிலிண்டரைப் பார்த்தாள். "தம்பி, அது வந்து..."

"அதனாலதாம்மா வூட்ல சிலிண்டர் வைக்கிற நெலம வந்துருக்குது!"

அவன் விடுவதாக இல்லை. கல், வீக்கம், டயாலிசிஸ் என்று ஒவ்வொன்றாக அடுக்கினான். ரத்னம்மா ஆடிப்போய்விட்டாள்.

"போதும் தம்பி, பயமா கீது. ஒண்ணு மாட்டிக் குடுத்துடு. எங்க கையெழுத்து போடணும்?"

தனசேகரின் காதில் கெட்டிமேளமே கேட்டுவிட்டது. ஃபாரத்தையும் பேனாவையும் நீட்டினான்.

"பேசிப் பேசி தொண்ட காஞ்சிருக்கும். தண்ணி தரட்டா?"

"ஐயோ, இந்தத் தண்ணியா? ஆளை வுடுங்கம்மா!" சிரித்துக்கொண்டே பையிலிருந்து கிளிப் படம் ஒட்டிய சோடா பாட்டிலை எடுத்துத் திறந்து, கடகடவென்று குடித்தான். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் தினமும் வாங்குகிற சோடா அது.

ரத்னம்மா அந்தப் பாட்டிலையே பார்த்தாள். "நல்லா கீதா தம்பி?"

"அமிர்தம்தாம்மா! இந்த ஊருக்கு வேலைக்கு வந்ததுல இருந்து நான் தண்ணியே குடிக்கிறதில்ல, இந்த கிளி சோடாதான். வயித்துப் புண்ணே ஆறிப்போச்சு. தண்ணின்னா இதும்மா தண்ணி! எவ்ளோ சுத்தம் பாருங்க!"

ரத்னம்மா பேனாவை மூடி ஃபாரத்தின்மேல் வைத்தாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே சத்தம் நின்றுபோனது. ஒரு 'புஸ்'கூட இல்லை.

தனசேகர் கதவுப் பக்கம் திரும்பினான். "அம்மா, மூச்சு நின்னுடுச்சும்மா!" என்று கத்தினான். மெஷினாவது கல்யாணமாவது என்று, பாட்டிலும் கையுமாக அவனே கதவை நோக்கிப் பாய்ந்தான். நல்ல பிள்ளைதான்.

ரத்னம்மா குறுக்கே வந்து நிதானமாகக் கையை நீட்டினாள்.

"காலி பாட்டில் தீந்துபோச்சு, அதான் எங்க வூட்டுக்காரரு நிறுத்திட்டாரு. உன் கையில கீறதைக் குடு தம்பி... அதே போர் தண்ணி, அதே கேஸு, ரொப்பித் தரச் சொல்றேன்."