பதினாலு பட்டன் படகு

“இந்தச் சிவப்பு பட்டனைத் தொட்டீங்கன்னா, சீட்டே உங்களைத் தூக்கி வானத்துல எறிஞ்சிடும். கொஞ்சம் தள்ளியே நில்லுங்க மேடம்.”

கதாநாயகர் இப்படிச் சொன்னதும் அந்த அம்மாள் ஓரடி பின்னால் நகர்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் தடித்த நோட்டு, தோளில் துணிப்பை.

கரையோரக் கொட்டகைக்குள், இரும்புத் தள்ளுவண்டி மேல் அந்த விசைப்படகு ஏறி உட்கார்ந்திருந்தது. உளவாளிப் படத்துக்கென்றே செய்தது. முன்னால் ராக்கெட் விடும் குழாய்கள், பின்னால் புகை கக்கும் பெட்டி, இரண்டு பக்கமும் விரியும் இறக்கை. மொத்தம் பதினாலு பட்டன். அவற்றில் உருப்படியாக வேலை செய்தவை இரண்டு. ஒன்று என்ஜினைக் கிளப்பும், இன்னொன்று ஹாரன் அடிக்கும். ராக்கெட் குழாய் என்பது வெள்ளிப் பெயின்ட் பூசிய தண்ணீர் பைப்.

பத்து மணிக்குப் பேட்டி எடுக்க ஆள் வரும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பத்துக்குக் கால் மணி இருக்கும்போதே அந்த அம்மாள் வந்து, “வணக்கம் சார், நான் வந்து…” என்று ஆரம்பித்தார்.

“தெரியும், தெரியும். உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்” என்று கதாநாயகர் அவரை நேராகப் படகுக்கு அழைத்து வந்துவிட்டார்.

கொஞ்சம் தள்ளி, வலது முழங்கையில் கட்டோடு டூப் நின்றிருந்தான். போன வியாழக்கிழமை கடலில் இந்தப் படகை ஓட்டியது அவன்தான். கதாநாயகரின் கோட்டு, கதாநாயகரின் கறுப்புக் கண்ணாடி, கதாநாயகரின் முடி மாதிரியே ஒரு விக். கதாநாயகரின் முடியும் விக்தான் என்பது வேறு விஷயம். அன்று முழுக்க அவர் ஏசி வேனுக்குள் கால் மேல் கால் போட்டு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். அலையைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும்.

“போன வியாழக்கிழமை இந்தப் படகை ஓட்டினது யாரு சார்?”

“யாரா? என்ன மேடம் கேள்வி இது. நான்தான்.”

“டூப் யாரும் இல்லையா?”

“டூப் போட்டு நடிக்கிறதுக்கு நான் எதுக்கு?”

டூப் தொண்டையைக் கனைத்தான். ஆறு வருடமாக இவருக்காக மாடியிலிருந்து குதிக்கிறான். ஒரு படத்திலும் அவன் பெயர் வந்ததில்லை. இந்தப் படத்திலாவது போடச் சொல்லுங்கள் என்று வீட்டில் மனைவி தினமும் பிடுங்கி எடுக்கிறாள்.

“மேடம், அன்னிக்கு நான்…”

“நீ போய் அந்தப் படுதாவை இழுத்து விடு. வெயில் அடிக்குது பாரு” என்றார் கதாநாயகர். “லைட் தூக்குற ஆளு மேடம். நல்ல மாதிரி.”

அந்த அம்மாள் டூப்பின் கையைப் பார்த்தார். “கட்டு எதுக்கு?”

“கதவுல இடிச்சிக்கிட்டான்” என்று அதற்கும் கதாநாயகரே பதில் சொன்னார்.

“படகு என்ன வேகம் போச்சு சார்?”

“எண்பது. அறுபது போதும்னு கேமராமேன் கெஞ்சினார். நான்தான் காதுல வாங்கல.”

“அங்க சிவப்பு மிதவை போட்டிருப்பாங்களே. அதைத் தாண்டக் கூடாதுல்ல?”

“அதெல்லாம் பயந்தவங்களுக்கு. நாலு மிதவையைத் தட்டித் தூக்கிட்டுத்தான் போனேன். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைப் படகு நங்கூரம் போட்டு நின்னுது. மேல ஒருத்தர் உக்காந்து பல் தேய்ச்சிட்டிருந்தார். நான் போன வேகத்துல படகு கவுந்து, மனுஷன் பிரஷ்ஷோட தண்ணிக்குள்ள.” சிரிப்பை அடக்க முடியாமல் கதாநாயகர் தொடையில் தட்டிக்கொண்டார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. “கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, எழுதணும். தண்ணிக்குள்ள… அப்புறம்?”

“அப்புறம் என்ன, நான் திரும்பிக்கூடப் பாக்கல. ஹீரோ திரும்பிப் பாப்பானா?”

மிதவைக்கு இந்தப் பக்கமே போதும் என்று அன்று டூப் படித்துப் படித்துச் சொன்னான். ‘அங்கதான் ஃப்ரேம் நல்லா இருக்கு, விடாம போ’ என்று வாக்கிடாக்கியில் கத்தியவர் டைரக்டர். படகை நிறுத்திவிட்டுத் தண்ணீரில் குதித்து, அந்த மனிதரைத் தூக்கிக் கரை சேர்த்ததில்தான் அவன் முழங்கை கிழிந்தது. இதில் எதுவும் அந்த நோட்டில் ஏறப் போவதில்லை. அவன் படுதாவை இழுத்து விட்டுவிட்டு, அங்கேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

அந்த அம்மாள் நான்கு பக்கம் எழுதி முடித்தார். “எல்லாம் நீங்க சொன்னபடிதானே இருக்கு? ஒரு தடவை படிச்சிப் பாருங்க சார்.”

“படிக்கவே வேணாம். நான் சொன்னா சொன்னதுதான்.”

“அப்படின்னா கீழ ஒரு கையெழுத்து.”

“ஆட்டோகிராஃபா? அதுக்கென்ன.” ‘அன்புடன்’ என்று எழுதி, அதன் கீழே பாதிப் பக்கத்துக்குக் கையெழுத்தை இழுத்தார் கதாநாயகர்.

“தேதியும் போட்டுடுங்க.”

அதையும் போட்டார்.

அப்போது மேனேஜர் அவசரமாக உள்ளே எட்டிப் பார்த்தார். “சார், பேட்டி எடுக்க பத்திரிகையில இருந்து வந்துட்டாங்க. உள்ள அனுப்பட்டுமா?”

கதாநாயகர் மேனேஜரைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்தார்.

“நான் துறைமுகப் போலீஸ் சார்” என்றபடி அவர் நோட்டை மூடினார். “படகை ஓட்டினது யாருன்னு இந்த யூனிட்ல ஒருத்தரும் வாய் திறக்கல. உங்க டூப்பா இருக்கும்னு நினைச்சு, அவரைக் கூட்டிட்டுப் போகத்தான் ஜீப்போட வந்தேன். நல்லவேளை, நீங்களே எழுத்துல குடுத்துட்டீங்க. வாங்க, போகலாம்.”