கரை சேர்ந்த கப்பல்

“பொயலுக்குப் பயந்து கப்பல நடுக்கடல்ல உட்டுட்டு ஓடிட்டான். இப்ப வந்து கப்பல் என்னுதுன்னா எப்படிம்மா?” வேடியப்பன் மேசையைத் தட்டினார்.

“காசு போட்டுக் கட்டினவன் அவன். உட்டுட்டுப் போனா அடுத்தவனுக்குச் சொந்தமாயிடுமா?” என்றார் அருணகிரி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

திருவண்ணாமலையில் வக்கீல் கஸ்தூரியின் மாடி அறையில் நடந்த பேச்சு இது. அவள் சொன்ன பழைய வழக்கில் ஒரு செட்டியார் விட்டுப்போன கப்பலை மீனவர்கள் மீட்டார்கள், அது முந்நூறு வருஷத்துக்கு முந்தியது. ஆனால் இருவரின் கோபமும் ஒரு கிணற்றின் மேல்.

அடி அண்ணாமலையில் இருந்த அருணகிரியின் கிணறு எழுபத்தைந்தாம் வருஷம் வறண்டது. அதை அப்படியே போட்டுவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போனார். அவருடைய சித்தப்பா மகன் வேடியப்பன் பாறைக்கு வெடி வைத்து, இன்னும் பதினைந்து அடி இறக்கினார். ஊற்று பிடித்துக்கொண்டது.

ஏழு வருஷம் கழித்து அருணகிரி திரும்பி வந்தார், வழக்கும் வந்தது. போன மாதம் கோர்ட்டில் தடை போட்டுவிட்டார்கள், தீர்ப்பு வரும்வரை யாரும் தண்ணீர் இறைக்கக் கூடாதென்று. வேர்க்கடலை இறங்கப் பூத்து நின்ற மல்லாட்டைச் செடி இரண்டு பேர் நிலத்திலும் வாடிக்கொண்டிருந்தது.

இருவரும் கஸ்தூரிக்கு மாமா முறை. அதனால் யாருக்கும் வக்காலத்துப் போடாமல், சமாதானம் பேசக் கூப்பிட்டிருந்தாள்.

“என்னதாம்மா தீர்ப்பு சொன்னாங்க?” என்றார் வேடியப்பன்.

“கும்பினிக்காரன் காலத்துல சென்னப்பட்டணத்துல கப்பல் வழக்குக்குன்னே ஒரு கோர்ட் இருந்துது மாமா. கப்பல் செட்டியாருதுதான்னு சொல்லிட்டாங்க. ஆனா தண்ணிய எறச்சு, இழுத்தாந்து, துறைமுகத்துல கட்டினவங்க மீனவங்க. அதனால சரக்குல பாதி அவங்களுக்கு.”

அருணகிரி திரும்பினார். “துறைமுகத்துலயா கட்டினாங்க?”

“ஆமா மாமா.”

கஸ்தூரி மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினாள். அந்தக் கோர்ட் இருந்தது நிஜம், காலேஜில் படித்திருக்கிறாள். கப்பலும் செட்டியாரும் மீனவர்களும் காலையில் குளிக்கும்போது அவளே ஜோடித்தது.

அருணகிரி நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, “சரி, கெணறு என் பேர்ல இருக்கட்டும். தண்ணி ஆளுக்குப் பாதி. ஒரு நாள் வுட்டு ஒரு நாள் மோட்டார் போட்டுக்கலாம்” என்றார்.

வேடியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு வருஷமாக அவர் பெரியப்பா மகனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“மொத நாள் நீயே போட்டுக்கண்ணே. உன் செடிதான் ஜாஸ்தி வாடியிருக்கு.”

ராஜி மனுவில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வேடியப்பன் மூன்று காபி சொல்லிவிட்டு வருவதாகக் கீழே இறங்கினார். அவர் படியிறங்கும் வேகத்தைக் கேட்கக் கேட்கக் கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. நம்பிக் கையெழுத்துப் போட்ட மனுஷர்.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கப்பல்...”

“ஏழு வருஷம் மெட்ராஸ் ஹார்பர்ல கிரேன் ஓட்டினேம்மா. கும்பினிக்காரன் காலத்துல அங்க ஏது துறைமுகம்? கப்பல் கடல்லயே நிக்கும், படகுலதான் சரக்க எறக்குவாங்க.”

கஸ்தூரி பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

“தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?”

“கப்பல்தாம்மா பொய்யி. நான் கெணத்த உட்டுட்டுப் போனது நெஜந்தானே.”