இரண்டாவது கூட்டம்

சமுதாயக் கூடம் நிறைய நாற்காலி. ஆள்தான் இல்லை.

இன்ஸ்பெக்டர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மஃப்டில நம்ம ஆளுக நாலு பேர உக்கார வைக்கட்டுமா மேடம்?" என்றார் ஏட்டு.

வேண்டாம் என்றாள்.

போன வருடம் இதே கூடத்தில் நிற்க இடமில்லை. அவள் பேசப் பேசத் தாய்மார்கள் தலையாட்டினார்கள். பையன் கையில் புதிதாகச் சாதிக் கயிறு ஏறியிருக்கிறதா? போனில் அரிவாள் படம் வைத்திருக்கிறானா? அடுத்த தெருப் பையனோடு பேச்சை நிறுத்திவிட்டானா? எங்களிடம் சொல்லுங்கள். கூப்பிட்டுப் பேசி, வீட்டுக்கே அனுப்பிவிடுவோம்.

அதை நம்பித்தான் சொன்னாள்.

பேச்சித்தாயும் நம்பினாள். மறுநாளே ஸ்டேஷனுக்கு வந்து மூத்த மகன் சிவனுவைப் பற்றிச் சொன்னாள். அவனும் வந்தான். பேசினான். கொஞ்சம் அழக்கூடச் செய்தான்.

அடுத்த வாரம் பக்கத்து ஊரில் ஒரு கொலை. மேலிடம் ஆள் கேட்டது. கைவசம் இருந்தது சிவனுவின் பெயர்.

அன்றைக்கு அவன் காய்ச்சலில் கிடந்தான் என்று இன்ஸ்பெக்டர் மேலே சொல்லிப் பார்த்தாள். முன்னெச்சரிக்கைக் கைதுக்கு அதெல்லாம் பார்க்க வேண்டியதில்லை என்றார்கள்.

அவளே போய்த்தான் கூட்டி வந்தாள்.

ஜெயிலுக்குச் சோப்பும் பிஸ்கட்டும் வந்தன. வக்கீல் வந்தார். எல்லாம் அவனுக்குக் கயிறு கட்டிவிட்ட சாதிச் சங்கத்துக்காரர்கள் அனுப்பியது. வெளியே வந்தவன் வீட்டுக்குப் போகவில்லை. அவர்களிடம் போனான்.

வேறெங்கே போவான்?

பையன்கள் ஏன் இப்படிப் போகிறார்கள் என்று மேலிடம் கேட்டால் சினிமா, செல்போன் என்று சொல்வது வழக்கம். ஸ்டேஷன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. ஊர் வராததில் அவளுக்கு ஆச்சரியமில்லை.

மைக்கை அணைக்கச் சொன்ன நேரத்தில் ஒருத்தி உள்ளே வந்தாள். நேராக முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

பேச்சித்தாய்.

இன்ஸ்பெக்டருக்கு வெட்கமாக இருந்தது. அருகே போனாள்.

"சின்னவன் யார்ட்டயும் பேச மாட்டேங்கான் மேடம். அண்ணன நீங்க கூட்டிட்டுப் போனத வாசல்ல நின்னு பாத்தவன். நேத்து அவன் பையத் தொறந்தேன். அதுக்குள்ள..."

"எங்கிட்டச் சொல்லாதீங்க."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஏட்டு திரும்பிப் பார்த்தார்.

"பெறவு யார்ட்ட மேடம் சொல்ல?"

இன்ஸ்பெக்டர் ஏட்டை டீ வாங்கி வர அனுப்பினாள். அவருடைய பைக் சத்தம் தேயும்வரை காத்திருந்தாள். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க."

பேச்சித்தாய் அவளுடைய காக்கிச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.